பாக்கெட் எந்தப் பக்கம்

உக்காருங்க சார். அந்த ஸ்டூல் லேசா ஆடும், பயப்படாதீங்க, விழாது. உங்க பெருமாளுக்குத் தேக்குச் சட்டமே போட்டுடறேன். தங்கக் கலர் வேணாம், ரெண்டே வருஷத்துல பல்லிளிச்சிடும். இருந்து கையோட வாங்கிட்டே போயிடுங்க. இன்னைக்கு யாராவது ஒருத்தர் கடையில உக்காந்து பேச்சுக் குடுத்தா தேவலைன்னு காலையிலேருந்து நினைச்சிட்டிருக்கேன்.

என்ன, அந்தப் படத்தையா பாக்கறீங்க? பாருங்க, பாருங்க. வர்றவங்க எல்லாம் அதைத்தான் பாக்கறாங்க. இத்தனை முருகன், இத்தனை லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, மெக்கா மதீனா, எல்லாத்தையும் பளபளன்னு மாட்டி வச்சிருக்கேன். ஒருத்தர் கண்ணும் அங்க போகாது. நேரா போய் அந்தக் கரிப் படத்துலதான் நிக்கும். நானா மாட்டலை சார். என் சம்சாரம் சுலோச்சனா மாட்டினது. கழட்டினா அன்னையோட அடுப்பு பத்தவைக்க மாட்டேன்னு சொல்லிட்டா.

அது பேரு எச்சிங்காம். மாடர்ன் ஆர்ட்டு. எப்படிப் பண்றாங்க தெரியுமா? ஒரு செம்புத் தகடு. அதுல மெழுகு மாதிரி ஏதோ பூசி, ஊசியால கீறி, ஆசிட்ல முக்கி, கீறின இடத்தை ஆசிட் தின்னவிட்டு, அப்புறம் மையைத் தேச்சு, தேச்ச மையைத் தொடச்சு, ஈரப் பேப்பரை மேல வச்சு, ரெண்டு இரும்பு உருளைக்கு நடுவுல விட்டு நசுக்கறது. கேக்கறப்பவே மூச்சு வாங்குதில்ல? இவ்வளவு கூத்தும் அடிச்சு என்ன வருது? கலரே இல்லாத ஒரு கருப்பு ஆளு. சிவகாசியில மெஷினைத் தட்டினா ஆயிரம் சரஸ்வதி வந்து விழுறா, ஒவ்வொருத்தி புடவைக்கும் தனி பார்டரு. இதுங்க ஒரு ஆளை அச்சுப் போட்டுட்டு பிள்ளை பெத்த மாதிரி களைச்சுப் போகுதுங்க.

இதைப் பண்ணினது ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு. அயனாவரத்துல இருக்கு. ஸ்கூல்ல டிராயிங் டீச்சரு. லீவு நாள்ல இந்தத் தகடு, ஆசிட்டு, பொழப்பத்த வேலை. நல்ல பொண்ணுதான், இல்லைன்னு சொல்லலை. மரியாதையா "அண்ணா, அண்ணா"ன்னுதான் பேசும். ஆனா நகத்தைப் பாக்கணுமே! எந்நேரமும் கருப்பா இருக்கும். சாப்பிடறப்ப என்ன பண்ணும்னு நான் யோசிச்சிருக்கேன்.

ஆடி மாசம் சார். ஆடியில நமக்கு ஈதான் ஓட்டணும், கல்யாணம் கிடையாது, புதுமனை கிடையாது. அந்தப் பொண்ணு நாலஞ்சு படத்துக்குச் சட்டம் போட வந்துச்சு. கொடுத்துட்டுப் போக வேண்டியதுதானே? போகாது. நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே ஸ்டூல்ல உக்காந்து, மடியில அட்டையை வச்சு ஏதோ கிறுக்கிட்டே இருக்கும். நான் குனிஞ்சு கண்ணாடி அறுத்துட்டிருப்பேன். "அண்ணா, கொஞ்சம் அப்படியே இருங்களேன்"னு சொல்லும். கண்ணாடி அறுக்கறவன் அப்படியே இல்லாம பின்ன ஆடிட்டா இருப்பான்? சரி, டீச்சரம்மா பொழுது போகாம ஏதோ பண்ணுதுன்னு விட்டுட்டேன்.

ஐப்பசியில இந்தப் படத்தைக் கொண்டு வந்துச்சு. நாளைக்குக் கண்காட்சி அண்ணா, சாயந்திரத்துக்குள்ள போட்டுக் குடுங்கன்னு கெஞ்சுச்சு. நான் கருப்புச் சட்டம் ஒன்னு ரெடியா வச்சிருந்தேன், ஒரு கஸ்டமர் ஆர்டர் குடுத்துட்டு வாங்க வராத சட்டம். அளந்து பாத்தேன். படம் சரியா உள்ள உக்காருது, ஆனா சுத்தி வெறும் வெள்ளைப் பேப்பர் நாலாப் பக்கமும் நீட்டிட்டு நிக்குது. ஒன்னுமே இல்லாத பேப்பரு சார்! கீழ மட்டும் பென்சில்ல ஏதோ கிறுக்கியிருந்துச்சு. ரப்பர் போட்டு அழிக்கலாம்னுதான் முதல்ல பாத்தேன். அப்புறம் எதுக்கு வெட்டி வேலைன்னு ஸ்கேலை வச்சு நாலு பக்கமும் சர்ருனு ஒரு இழுப்பு இழுத்துட்டேன். நீங்களே பாருங்க, எவ்வளவு நறுவிசா உக்காந்திருக்கு!

சாயந்திரம் வந்துச்சு. படத்தைப் பாத்துச்சு. அப்புறம் அந்த ஸ்டூல்ல உக்காந்து அழ ஆரம்பிச்சிடுச்சு. கடைத்தெரு சார்! எதிர் வளையல் கடைக்காரன் எட்டிப் பாக்கறான். நான் என்னமோ கையைப் பிடிச்சு இழுத்த மாதிரி.

"என்னம்மா ஆச்சு?"ன்னேன்.

"ஓரத்தை ஏண்ணா வெட்டினீங்க?"

"அது வெறும் பேப்பரும்மா."

"அதுலதாண்ணா என் கையெழுத்து. தகடு அமுங்கின தடம் சுத்தித் தெரியணும், அதுக்கு வெளிய ஓரம் இருக்கணும். இது இல்லைன்னா இதைப் பிரிண்டுன்னே யாரும் ஒத்துக்க மாட்டாங்க."

கேட்டீங்களா? வரைஞ்சது எல்லாம் அப்படியே இருக்கு, ஆளு இருக்கான், தலை இருக்கு, கால் இருக்கு. வரையாத இடம் போச்சுன்னு அழுகை. உலகத்துல எங்கயாவது உண்டா இது? தகடுதான் வீட்டுல இருக்கே, இன்னொன்னு அடிச்சுக்கயேன்னு கேட்டேன். மெஷின் அதோட சொந்தம் இல்லையாம். பத்துப் பேருக்குப் பொதுவாம், முறை வச்சுத்தான் கிடைக்குமாம், அடிச்சாலும் மை காயணுமாம். வக்கில்லாதவங்களுக்கு எதுக்கு சார் இந்த ஆசை?

அழுது முடிச்சு மூக்கைத் தொடச்சுக்கிட்டு எழுந்துச்சு. "பரவாயில்லைண்ணா. இதை நீங்களே வச்சுக்குங்க. உங்க படம்தானே"ன்னுச்சு.

"என் படமா?"

"ஆமாண்ணா. பென்சில்ல என் கையெழுத்தோட உங்க பேரும் எழுதியிருந்தேன். கஜபதி அண்ணன்னு."

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! நீங்க வந்ததுலேருந்து பாக்கறீங்களே, சொல்லுங்க, இந்த மூஞ்சி எங்க, அந்த மூஞ்சி எங்க? வாயைப் பொளந்துக்கிட்டு, தோள் தொங்கிப்போய், எதையோ பறிகொடுத்தவன் மாதிரி நிக்கறானே, அவனா நானு? எங்க கல்யாண ஆல்பத்தைப் பாத்தா தெரியும் நான் எப்படி இருந்தேன்னு. சரி, முகத்தை விடுங்க, மாடர்ன் ஆர்ட்டுல முகம் அப்படித்தான் இருக்கும்னு சொல்லுவாங்க. அவன் கட்டரை எந்தக் கையில பிடிச்சிருக்கான் பாருங்க. இடது கை! நான் பொறந்ததுலேருந்து சோத்துக் கைக்காரன். சட்டைப் பாக்கெட்டைப் பாருங்க. வலப்பக்கம்! எந்த டெய்லர் சார் வலப்பக்கம் பாக்கெட் வைப்பான்? ஒரு மாசம் எதிர்ல உக்காந்து பாத்த பொண்ணுக்கு பாக்கெட் எந்தப் பக்கம்னு தெரியலை. இதுங்க கண்காட்சி வச்சா நாம போய்க் கைதட்டணும்.

அது போயிடுச்சு. நான் படத்தை சுவத்துல சாத்தி வச்சேன். சட்டத்துக்கு ஆன காசாவது மிஞ்சட்டும், வேற படம் போட்டுக்கலாம்னு.

மறுநாள் மத்தியானம் சுலோச்சனா சாப்பாடு கொண்டு வந்தா. வந்தவ கேரியரைக் கீழ வைக்கலை. படத்தையே பாத்துட்டு நிக்கறா.

"ஏங்க, இது நீங்கதானே?"

"வாயைக் கழுவு"ன்னேன்.

"ஐயோ, நீங்கதாங்க. இப்படித்தான் வாயைத் திறந்துட்டு வேலை செய்வீங்க. யாருங்க இவ்வளவு தத்ரூபமா வரைஞ்சது?"

கட்டின பொண்டாட்டி சார்! இத்தனை வருஷம் குப்பை கொட்டினவ! பாக்கெட்டைக் காட்டினேன், கையைக் காட்டினேன். எதுவும் காதுல ஏறலை. கிட்டப் போய், மூக்கு சட்டத்துக் கண்ணாடியில இடிக்கற அளவுக்குப் போய் உத்து உத்துப் பாத்தா. அப்புறம் விரலை வச்சா. காதுக்குக் கீழே, கழுத்துல.

"இது என்னங்க?"

கோடு கோடா இழுத்து அந்த இடத்துல மட்டும் நல்லா இருட்டா, உருண்டையா ஒரு சமாசாரம் இருக்கு பாருங்க. கோலிக்குண்டு சைஸுக்கு. மை சிந்தியிருக்கும்னேன். மை இப்படி நிழல் கட்டிட்டா சிந்தும்னு கேட்டா. கேட்டவ சும்மா இருந்தாளா, கடையில நாலு பேர் பாக்க என் காலரைப் பிடிச்சு இழுத்து, வலப்பக்கம் கழுத்தைத் தடவினா. ஒன்னும் இல்லை. சுத்தமா ஒன்னும் இல்லை! "பாத்தியா, அந்தப் பொண்ணு கண்ணு லட்சணம் இதுதான்"னு சொன்னேன். அவளுக்கும் முகம் தெளிஞ்சுது. நிம்மதியா உக்காந்து சாம்பார் ஊத்தினா. இதோட தீர்ந்துதுன்னு நினைச்சேன்.

பொம்பளைங்க மனசுல ஒன்னு விழுந்தா அது முளைக்காம விடாது சார். பாக்கெட்டைக் காட்டிக் குடுத்தது நான்தான். அந்தப் பாக்கெட்டு அவளை அரிச்சிருக்கு. இவ்வளவு கவனமா வரையற பொண்ணு, மூக்கு மேல இருக்கற தழும்பு வரைக்கும் பாத்த பொண்ணு, பாக்கெட்டை எப்படித் தப்பா வைக்கும்னு. ரசீதுல இருந்த நம்பருக்கு எனக்குத் தெரியாம போன் போட்டு, அந்தப் பொண்ணைக் கடைக்கு வரவழைச்சிட்டா. நான் என்ன குத்தவாளியா? சாட்சி விசாரணை வைக்கிறாங்க!

"ஏம்மா, பாக்கெட்டை ஏன் இந்தப் பக்கம் வரைஞ்சே?"ன்னு இவ கேக்கறா.

"நான் சரியாத்தான் வரைஞ்சேன் அக்கா. தகட்டுல இருக்கறது அச்சுல வர்றப்ப இடம் வலமா மாறிடும். ரப்பர் ஸ்டாம்பு பாருங்க, ஸ்டாம்புல ஒரு மாதிரி இருக்கும், குத்தினா வேற மாதிரி விழும். இதுவும் அப்படித்தான்."

"அப்ப எல்லாமே மாறியிருக்குமா?"

"எல்லாமே அக்கா."

இதைச் சொல்லிட்டு அந்தப் பொண்ணு சும்மா இருந்திருக்கலாம். இந்தக் கடையில கண்ணாடிக்கா பஞ்சம்? அதோ அந்த முகம் பாக்கற பெரிய கண்ணாடி, அதுக்கு முன்னால படத்தைத் தூக்கிப் பிடிச்சுச்சு. "இப்பப் பாருங்க அக்கா"ன்னுச்சு. சுலோச்சனா பாத்தா. "ஆமாங்க, பாக்கெட்டு இடப்பக்கம் வந்துடுச்சு. கட்டரு வலது கையில இருக்கு. வந்து பாருங்களேன்"னா. எனக்கு வேலை இருந்துச்சு சார். ஆணி அடிச்சிட்டிருந்தேன். கண்ணாடியில எதை வேணா தலைகீழாக் காட்டலாம், அதையெல்லாம் போய்ப் பாத்துட்டிருக்க முடியுமா?

அப்புறம் அவ கண்ணாடியில அந்தக் கழுத்தைப் பாத்தா. அந்தப் பொண்ணைப் பாத்து மெதுவாக் கேட்டா. "அந்தக் கழுத்துல இருக்கறதும் நீ பாத்து வரைஞ்சதாம்மா?"

அது தலையைக் குனிஞ்சுக்கிச்சு. "ஆமா அக்கா. அண்ணா குனியறப்பல்லாம் அங்க வெளிச்சம் நல்லா விழும். அது என்னன்னு நான் யோசிக்கலை. கேட்டிருக்கணும். வரையறதுலயே இருந்துட்டேன்."

இதுதான் சார் இந்த ஆர்ட்டிஸ்டுங்க! ஒரு மனுஷன் உடம்பை ஒரு மாசம் பாத்துட்டு, நிழல் எப்படி விழுது, வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாத்திருக்கு. கல்லு மண்ணு மாதிரி. அப்புறம் எதுக்கு அண்ணான்னு கூப்பிடறது? அண்ணாவாம், அண்ணா! அந்தப் பொண்ணு திரும்பவும் அழுதுச்சு. இந்தத் தடவை நான் எட்டிப் பாக்கற வளையல்காரனைக் கூடக் கண்டுக்கலை.

இந்தத் துண்டா? வேர்வைக்குக் கழுத்துல போட்டிருக்கேன். என்ன சார் நீங்களும் அவளை மாதிரியே பாக்கறீங்க? மார்கழியில எவனுக்கு வேர்க்கும்னுதான் அவளும் கேக்கறா. எனக்கு வேர்க்கும். என் உடம்புவாகு அப்படி. வீட்டுல கூட கழட்டறது கிடையாது, குளிச்சா உடனே சுத்திக்குவேன். அவ கைக்கு எட்டாத மாதிரி சுவத்துப் பக்கமா படுத்துக்குவேன். அன்னைலேருந்து வீட்டுல இதே ரோதனை. ஆஸ்பத்திரிக்கு வாங்க, ஆஸ்பத்திரிக்கு வாங்க. இட்லி வச்சா ஆஸ்பத்திரி, காப்பி குடுத்தா ஆஸ்பத்திரி. சண்டை போட்டா, அழுதா, பேசாம இருந்து பாத்தா. அப்புறம்தான் படத்தைக் கொண்டு வந்து இங்க மாட்டினா. "தினம் பாத்துட்டே இருங்க"ன்னு.

அதோ எதிர்ல ஒரு ஆட்டோ நிக்குதே, பாத்தீங்களா? டிரைவர் பேப்பர் படிக்கிறாரே, அதான். உள்ள உக்காந்திருக்கறது சுலோச்சனாதான். நீங்க வர்றதுக்கு முன்னாலேருந்தே உக்காந்திருக்கா. டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டாளாம். நீங்க வந்து ஏறற வரைக்கும் நான் இறங்கப் போறதில்லைன்னு சொல்லிட்டு ஏறி உக்காந்தவதான். வெயில் அவ கால்ல அடிக்குது, நகர மாட்டேங்கறா. என்ன பிடிவாதம் பாருங்க. கஸ்டமர் இருக்காரு, எப்படி வர்றதுன்னு நான் கையைக் காட்டிட்டேன். அதனாலதான் உங்களைப் பிடிச்சு வச்சிருக்கேன், தப்பா நினைச்சுக்காதீங்க.

நீங்க படிச்சவரு, நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. டாக்டரு எக்ஸ்ரே எடுப்பான், ஸ்கேன் எடுப்பான், அது வேற. ஒரு டிராயிங் டீச்சர் ஊசியால கீறினதை வச்சுக்கிட்டு ஒருத்தன் ஆஸ்பத்திரிக்குப் போவானா? ஊர் சிரிக்காது? நான் அந்தப் படத்துக்கு எதிராத்தான் பேசறேன். பாக்கெட் மாறினது உண்மை, கை மாறினது உண்மை. அவங்களே ஒத்துக்கறாங்க. மாத்தி மாத்திக் காட்டற ஒன்னை எப்படி சார் நம்பறது? நம்பலைன்னா நீங்களே தொட்டுப் பாருங்க. படத்துல எந்தப் பக்கம் இருக்கு? வலப்பக்கம். இதோ துண்டை நகர்த்தறேன், இதோ வலப்பக்கம். தொடுங்க, கூச்சப்படாதீங்க. ஒன்னும் இல்லைல்ல? வழவழன்னு இருக்கில்ல? அவ்வளவுதான். முடிஞ்சு போச்சு வழக்கு.

வேணாம் சார். கையை எடுங்க. அந்தப் பக்கம் வேணாம்.

இருக்கு. எனக்குத் தெரியாதா? அந்தப் பொண்ணு வந்து ஸ்டூல்ல உக்காரறதுக்கு முன்னாலேயே தெரியும். ஷேவ் பண்றப்ப கையில பட்டுச்சு. அப்ப மிளகு அளவுதான். சூட்டுக் கட்டின்னு நினைச்சேன், விளக்கெண்ணெய் வச்சேன். எங்க அண்ணன் தனபாலுக்கும் இதே மாதிரிதான் ஒன்னு வந்துச்சு சார். சிரிச்சுக்கிட்டே நடந்து போனான் ஆஸ்பத்திரிக்கு, பெரியமேடுல இறங்கி டீ குடிச்சிட்டுப் போனான். அவன் படத்துக்குச் சட்டம் போட்டது நான்தான். இந்தப் பலகையில வச்சுத்தான் போட்டேன். பயமா இருக்கு சார். வாயைத் திறந்து யார்கிட்டயும் சொன்னதில்லை. ரொம்பப் பயமா இருக்கு.

இன்னும் பாத்துட்டுத்தான் இருக்கா இல்ல? இங்கேருந்து எனக்கு முகம் தெரியலை.

சரி. உங்க பெருமாளை இப்படி ஓரமா சாத்தி வைக்கிறேன், நாளைக்கு வந்து வாங்கிக்குங்க. ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்க. போறப்ப அந்த ஆட்டோகிட்ட ஒரு நிமிஷம் நின்னு, கடையைச் சாத்திட்டு வர்றாருன்னு அவகிட்ட சொல்லிடுங்க. நானா போய் நின்னா எனக்கு வாய் வராது. அது போதும். படம் சரின்னு நான் ஒத்துக்கிட்டதா மட்டும் சொல்லிடாதீங்க.